கடைமடையில் கிளிமீன்: காவிரிக் கரையோரமாக ஒரு பயணம்

திங்கட்கிழமை, தரங்கம்பாடி

தரங்கம்பாடிக் கடலில் பவளப்பாறை கிடையாது. கொள்ளிடம் கடலோடு கலக்கும் பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரை, காவிரிப் படுகையின் கிழக்குக் கரை பெரும்பாலும் மணலும் சேறும்தான். பவள உயிரியின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். வெயில் இறங்கத் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். உயிரி ஒட்டி வளரக் கெட்டியான தரை வேண்டும். கடலின் உப்பு அடிக்கடி ஏறி இறங்கவும் கூடாது. மழைக்காலம் தோறும் ஆறுகள் வண்டலையும் நன்னீரையும் கொண்டுவந்து கொட்டுகிற கரையில் இவற்றில் ஒன்றும் நிலைத்து நிற்பதில்லை. நம் வயல்களை உண்டாக்கிய வண்டல் பவளத்துக்கு ஆகாது.

அப்படியிருந்தும் இந்தக் கரையின் மீன் சந்தைகளில் பவளப்பாறையின் மீன் ஒன்று ஐஸ் மேல் கிடந்து விலைபோகிறது. தெற்கே பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் உள்ள பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) பிடிபட்டு, கலவாவோடும் விளமீனோடும் பெட்டியில் கலந்து, வண்டியேறி வரும் கிளிமீன்தான் அது. (கேரளத்தில் இதே பெயரில் விற்கும் இளஞ்சிவப்பு மீன் வேறு.) கண்ணைப் பறிக்கும் நிறம் இருந்தும் விலை குறைவாகவே போகும் இந்த மீனின் வாழ்க்கையை, அது வந்திறங்கும் ஊர்களின் வழியாகவே நடந்து எழுதிப் பார்க்க வேண்டுமென்று நெடுநாளாக ஆசை. தரங்கம்பாடியில் தொடங்கி மல்லிப்பட்டினம் வரை போவதாகத் திட்டம்.

தரங்கம்பாடியில் தொடங்கக் காரணம் இருக்கிறது. நம் சந்தைக்கு வரும் கிளிமீன்களில் ஐந்து நீலப் பட்டைகள் கொண்ட ஸ்காரஸ் கோப்பன் என்ற இனம் முக்கியமானது. அதை அறிவியலுக்கு முதன்முதலில் விவரித்தவர் பேட்டர் ஃபோர்ஸ்கால். டென்மார்க் மன்னர் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் ஒருவராக 1761இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறிய இவர், செங்கடலின் மீன்களைச் சேகரித்து எழுதி வைத்தார். 1763இல் ஏமனில் மலேரியாவுக்குப் பலியானார். குழுவில் உயிரோடு திரும்பியவர் கார்ஸ்டன் நீபுர் ஒருவரே. நண்பரின் குறிப்புகளை 1775இல் நூலாக்கியவரும் அவரே. அந்தப் பயணத்துக்கு முதலில் போட்ட திட்டத்தின்படி அவர்கள் அரேபியாவுக்குப் போகவிருந்தது, அன்று டேனியர் கையில் இருந்த தரங்கம்பாடி வழியாக. பிறகுதான் எகிப்து வழியாக என்று மாற்றினார்கள். திட்டம் மாறாமல் இருந்திருந்தால் 1620இல் எழுந்த இந்தக் கோட்டையின் நிழலில் ஃபோர்ஸ்கால் இறங்கி, நம் கரையின் மீன்களையும் எழுதியிருப்பார் என்று எண்ணும்போது, எனக்கு மனம் ஆறவில்லை.

அந்த வேலையை வேறொருவர் ஓரளவு செய்தார். 1771இல் இங்கு வந்து, 1813இல் இங்கேயே மறைந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன் என்ற பாதிரியார், இந்தக் கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினிலிருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மீனியலாளருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் நன்றி மறவாமல் ஒரு மீன் பேரினத்துக்கு 1793இல் ஜானியஸ் என்று பெயரிட்டார். நாம் கத்தாழை என்று வாங்கிக் குழம்பு வைக்கும் மீன்களில் சில அந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை. கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்துக்கு இதைச் சொல்ல ஒரு பலகை வைத்தால் நன்றாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை, நாகப்பட்டினம்

விடியுமுன் துறைமுகத்துக்குப் போனேன். மத்தியும் காரலும் கூடை கூடையாக ஏலம் போயின. தேடி வந்தது, ஏலக் கூடத்துக்கு வெளியே, தெற்கிலிருந்து வந்த பெட்டிகளைப் பிரித்துச் சில்லறை விற்கும் அம்மாவிடம் கிடைத்தது. என் முழங்கை நீளத்துக்கு ஒரு கிளிமீன். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த உடல், ஒவ்வொரு செதிலின் நடுவிலும் வெளிறிய நீலம், முதுகிலிருந்து வயிற்றை நோக்கி இறங்கும் நீலப் பட்டைகள். செதில்கள் நகத்தளவு பெரியவை. வாயருகே குனிந்தால் உதட்டுக்கு வெளியே பால் வெண்மையாகத் துருத்தி நிற்கும் அலகு. அலகின் மேல் விரலை ஓட்டியபோது, வழவழப்பாக இல்லை. நுண்ணிய முடிச்சுகள் வரிசை வரிசையாகத் தட்டுப்பட்டன. ஒவ்வொரு முடிச்சும் ஒரு பல்.

இந்த அலகு, தனிப் பற்கள் நெருங்கி அமைந்து, ஒன்றோடொன்று இறுகிச் சேர்ந்து உண்டானது. முன்வரிசை தேய்ந்து உதிர உதிர, பின்னாலிருந்து புது வரிசை நகர்ந்து வந்து நிற்கிறது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குளோரூரஸ் மைக்ரோரைனாஸ் என்ற மீனின் அலகை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, அதில் ஏறத்தாழ 1,000 பற்கள் 15 வரிசைகளில் இருப்பதைக் காட்டியது. பற்களின் மேற்பூச்சு ஃபுளூர் அபடைட் என்ற கனிமத்தின் நுண்படிகங்களால் ஆனது. அந்தப் படிகங்கள் கற்றை கற்றையாகச் சேர்ந்து, கற்றைகள் ஒன்றன் குறுக்கே ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. கடிக்கும் முனையை நெருங்க நெருங்கக் கற்றைகள் மெலிந்து, பின்னல் நெருக்கமாகிறது. அதனால் விரிசல் விட்டாலும் அது நேராக ஓடிப் பல்லைப் பிளப்பதில்லை. பவளக்கல் அரகோனைட் என்ற சுண்ணாம்பால் ஆனது. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 4க்குள் அடங்கும். அபடைட்டின் கடினம் 5. கல்லைக் கடிக்கிற பல் கல்லைவிடக் கடினமாக இருக்கிறது.

மீனை வெட்டித் தரச் சொன்னேன். தலையைத் தனியாக எடுத்துத் தாருங்கள் என்று கேட்டதும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“தலையில ஒண்ணும் இல்ல தம்பி, கல்லுதான் இருக்கும். குழம்புக்கு ஆவாது.”

“அந்தக் கல்லத்தான் பாக்கணும்க்கா.”

அவர் சிரித்துக்கொண்டே அரிவாள்மனையில் தலையை இரண்டாகப் பிளந்து, செவுள்களை விலக்கி, விரலை உள்ளே விட்டு ஓர் எலும்பை நெம்பி எடுத்துத் தந்தார். தொண்டையின் அடித்தளத்து எலும்பு அது. மேற்பரப்பு சற்றுக் குழிந்து, அதில் தட்டையான பற்கள் குறுக்குக் குறுக்காக அடுக்கி நின்றன. வாய்ப்பக்கத்துப் பற்கள் தேய்ந்து மழுங்கியும், மறுபக்கத்தவை கூராகவும் இருந்தன. மேலேயிருந்து இதே போன்ற பற்கள் கொண்ட இரண்டு எலும்புகள் இந்தக் குழிவில் பொருந்தி முன்னும் பின்னும் உராய்கின்றன. அலகு பெயர்த்துத் தரும் கல், இங்கே மாவாக அரைபடுகிறது. பிறகு போவது நேரே குடலுக்கு. இந்த மீனுக்கு இரைப்பையே கிடையாது. அவர் குடலைக் கீறிக் காட்டியபோது, சுண்ணாம்புச் சாந்து போன்ற சாம்பல் வெண்மையான குழம்பு வழிந்தது. அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன். மாவுக்குள் நறநறவென்று மணல் இருந்தது.

கல்லைத் தின்று எது செரிக்கிறது என்பது நியாயமான கேள்வி. பாறை மேல் படரும் பாசியை மேய்கிறது என்றே நெடுங்காலம் பாடநூல்கள் எழுதின. 2017இல் கெண்டல் கிளெமென்ட்ஸும் உடன் ஆய்ந்தோரும் முன்வைத்த கருத்து வேறு: பெரும்பாலான கிளிமீன்களின் உண்மையான இரை, சுண்ணாம்புக் கல்லின் மேலும் அதற்கு உள்ளேயும் துளைத்து வாழும் நீலப்பச்சை நுண்ணுயிரிகள். புரதம் மிகுந்த அந்த உணவு கல்லுக்குள் இருப்பதால்தான் கல்லையே பெயர்க்க வேண்டியிருக்கிறது. உயிருள்ள பவளத்தையே முக்கியமாகக் கடிக்கும் இனங்கள் மிகச் சிலவே. ஆகவே பவளத்தை அழிக்கும் மீன் என்று இதைப் பழிப்பது தவறு.

எலும்பைக் கழுவிக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். மீன் துண்டுகளைத் தங்கியிருந்த வீட்டில் சமைத்தார்கள். சதை வெண்மையாக, மிகவும் மென்மையாக இருந்தது. குழம்பில் உடைந்துவிடும், மசாலா தடவிப் பொரிக்க ஏற்றது.

புதன்கிழமை, கோடியக்கரை

கிழக்குக் கரை இங்கே மேற்கே மடங்குகிறது. ஐப்பசி தொடங்கி மாசி பங்குனி வரை, பல ஊர்களின் மீனவர்கள் இந்தக் கரையில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். கொட்டகைகளின் நடுவே வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவரிடம் கிளிமீன் பற்றிக் கேட்டேன். இங்கே வலையில் விழுவது அரிது என்றார்; மண்டபம் பக்கம் தொழிலுக்குப் போன காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறார். அவர் சொன்ன ஒரு செய்தியால் இன்றைய குறிப்பு முழுவதும் அதைச் சுற்றியே அமைகிறது. இரவில் பார்மேல் விளக்கோடு முங்கினால், கிளிமீன் கல் இடுக்கில் அசையாமல் கிடக்கும், கையால் தொட்டாலும் ஓடாது, உடம்பைச் சுற்றிக் “கோழை கட்டியிருக்கும்” என்றார்.

கோழை என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கிளிமீன்களில் சில இனங்கள், இருட்டியதும் இடுக்கில் ஒதுங்கி, செவுள் அறையிலுள்ள பெரிய சுரப்பிகளிலிருந்து கண்ணாடி போன்ற கோழையை வாய் வழியே வெளியிட்டு, தம்மைச் சுற்றி முழுக் கூடாகக் கட்டிக்கொண்டு உறங்குகின்றன. கட்டி முடிக்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும்; விடிந்ததும் கிழித்துக்கொண்டு வெளியேறும்; மறுநாள் இரவு புதுக் கூடு. அஞ்சாளை போன்ற வேட்டை மீன்களுக்கு வாசனை தெரியாமலிருக்கவே இந்த ஏற்பாடு என்று முன்பு நினைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் அலெக்ஸாண்ட்ரா குருட்டரின் குழு 2010இல் வேறொரு விடை தந்தது. பகலில் கிளிமீனின் உடலைத் துப்புரவு செய்யும் சிறு மீன்கள் இரவில் உறங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில்தான் நாத்தியா என்ற இரத்தம் உறிஞ்சும் நுண்பூச்சிகள் மணலிலிருந்து எழுகின்றன. உறங்கும் மீன்களை எழுப்பாமல் கூட்டை மட்டும் மெல்ல நீக்கிவிட்டு, பூச்சிகளை விட்டுப் பார்த்தார்கள். கூடு இழந்த மீன்களில் சுமார் 94 சதவீதம் கடிபட்டன. கூட்டுக்குள் கிடந்தவற்றில் 10 சதவீதமே கடிபட்டன. ஆய்வாளர்களே அதைக் கொசுவலை என்று அழைத்தார்கள். ஐப்பசி மழை விட்ட இரவில் காவிரிக் கரையில் படுத்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அந்தக் கோழையைச் சுரக்க மீன் ஒரு நாளைக்குச் செலவிடும் ஆற்றல், அதன் அன்றாட ஆற்றலில் 2.5 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த உறக்கமே இதற்கு எமனாகவும் ஆகிறது. பசிபிக் தீவுகள் பலவற்றில், நீர்புகா விளக்கு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, இரவில் ஈட்டியோடு முங்குவோர் உறங்கும் கிளிமீன்களைச் சிரமமின்றிக் குத்தி எடுக்கிறார்கள். நம் பெரியவர் தாம் அப்படிப் பிடித்ததில்லை என்றார்: “தூங்குறத எடுக்கக்கூடாது சார்.”

வியாழக்கிழமை, முத்துப்பேட்டை

அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வந்தேன். தண்ணீர் கலங்கல்; கொடுவாயும் மடவையும் நண்டும் இறாலும் உள்ள இடம். நம் கிளிமீனுக்கு இங்கே வேலையில்லை. இருந்தாலும் காட்டைக் கடக்கும்போது கரீபியக் கடலின் நினைவு வந்தது. அங்கே ஸ்காரஸ் குவாகமையா என்ற பெரிய கிளிமீனின் குஞ்சுகள் அலையாத்தி வேர்களுக்கிடையில்தான் வளர்கின்றன. பீட்டர் மம்பியின் குழு 2004இல் காட்டியபடி, அலையாத்திக் காடுகளை வெட்டிய ஓரிடத்தில் அந்த மீன் பவளப்பாறையிலிருந்தே அற்றுப்போனது. காடு ஓரிடம், பாறை ஓரிடம் என்று நாம் வரைபடத்தில் பிரித்து வைத்திருக்கிறோம். மீன் அப்படிப் பிரிப்பதில்லை. மாலையே அதிராம்பட்டினம் வந்து சேர்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, அதிராம்பட்டினம்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்தது இன்று வாய்த்தது. சந்தையில் ஒரு பாயின் கடையில் இரண்டு கிளிமீன்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று நாகப்பட்டினத்தில் பார்த்தது போன்ற மஞ்சள் மீன். மற்றது அதைவிட நன்கு பெரியது. உடல் முழுக்கப் பச்சை, செதில்களின் விளிம்பில் இளஞ்சிவப்பு, கண்ணையும் வாயையும் சுற்றி நீலப்பச்சைக் கோடுகள். ஐஸில் கிடந்து நிறம் வெளிறியிருந்தும் அந்தப் பச்சை கண்ணை விட்டு அகலவில்லை. இரண்டும் வேறு வேறு மீன் என்றார் பாய். பச்சையின் சதை கெட்டி என்று அதற்குக் கொஞ்சம் விலை கூட்டியும் வைத்திருந்தார். இரண்டும் ஒரே இனம், மஞ்சள் பெண்ணாக இருக்கக்கூடும், பச்சை ஆண், அந்த ஆணும் முன்பு மஞ்சள் பெண்ணாக இருந்ததே என்றேன்.

“அது எப்படி சார், பொம்பள ஆம்பளயாகும்?” என்று கேட்டவர், கூட்டம் குறைந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அவர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. கிளிமீன்களில் இன்று ஏறத்தாழ 100 இனங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பழைய மீனியலாளர்கள், இறந்து நிறம் மங்கிய மீன்களைக் கொண்டு, ஒரே இனத்தின் பெண்ணுக்கு ஒரு பெயரும் ஆணுக்கு ஒரு பெயரும் சூட்டி, பல மடங்கு பெயர்களைக் குவித்து வைத்தார்கள். உயிரோடு நீந்தும் மீன்களைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிய பிறகே சிக்கல் அவிழ்ந்தது.

பெரும்பாலான கிளிமீன் இனங்களில் வாழ்க்கை இப்படி நடக்கிறது. குஞ்சு ஒரு நிறத்தில் இருக்கும். வளர்ந்ததும் முதற்கட்ட நிறம் வரும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவை பெண்கள், சில இனங்களில் பெண் நிறத்திலேயே திரியும் சிறு ஆண்களும் உண்டு. அடுத்தது இறுதிக்கட்டம், பளபளக்கும் பச்சை, நீல நிறத்து ஆண். பாறையின் ஒரு பகுதியைத் தன் எல்லையாகக் காக்கும் பெரிய ஆண், பல பெண்களோடு வாழ்வது சில இனங்களின் வழக்கம். அந்த ஆண் இறந்தாலோ பிடிபட்டாலோ, பெண்களில் பெரியது ஒன்று ஆணாக மாறத் தொடங்குகிறது. உடலில் பெண் இயக்குநீரைச் சுரக்கச் செய்யும் அரோமடேஸ் என்ற நொதி தணிகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, மீன்களின் ஆண் இயக்குநீரான 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது, சினைப்பையின் திசு சுருங்கி, அதே உறுப்பில் விந்துத் திசு வளர்கிறது. இதோடு நிறமும் மாறுகிறது. கிளிமீனின் நெருங்கிய உறவான நீலத்தலை மீனில் இதை நாள் நாளாகக் கவனித்திருக்கிறார்கள்: தலைமை ஆணை எடுத்த சில நிமிடங்கள், மணி நேரத்துக்குள்ளேயே பெரிய பெண் ஆணைப் போல நடக்கத் தொடங்குகிறது, 8 முதல் 10 நாட்களில் விந்து உண்டாகிவிடுகிறது.

எல்லாக் கிளிமீன்களும் இப்படி இல்லை. கடற்புல் வெளிகளில் மேயும் லெப்டோஸ்காரஸ் வைகியென்சிஸ், பிறந்த பாலிலேயே கடைசிவரை வாழ்கிறது. பாறையின் பளபளப்பு அதற்கு இல்லை. புல்லோடு புல்லாகத் தெரியும் பழுப்புப் பச்சைதான் அதன் நிறம்.

பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: “அப்ப நாங்க விக்கிற பெருசெல்லாம் ஆம்பளதானா?” பெரும்பாலும் அப்படித்தான். விலை அதிகம் என்பதால் தேடிப் பிடிப்பதும் அதைத்தான். பச்சை மீனின் கொழுத்த உடலை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மீனை நான் வாங்கவில்லை.

சனிக்கிழமை, மல்லிப்பட்டினம்

பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் நாள் பிரித்து வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. அதனால் இன்று அவை கடலுக்குப் போயிருக்க, நாட்டுப்படகுக்காரர்கள் கரையில் இருந்தார்கள். பேச ஆள் கிடைத்தது.

முதலில் மனோராவுக்குப் போனேன். வாட்டர்லூவுக்குச் சற்று முன்பின்னாக, நெப்போலியன் மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியை நினைவுகூர இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறுகோணக் கோபுரம். அதற்கு முன்னால் விரியும் கடலில்தான், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி, 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. கடற்பசுவுக்காகக் காக்கப்படும் கடற்புல் வெளி, ஓரா மீன்களுக்கும், பாரிலிருந்து மேய வரும் பல மீன்களின் குஞ்சுகளுக்கும் தொட்டில். ஸ்காரஸ் கோப்பனின் குஞ்சுகளும் இத்தகைய ஆழமற்ற, கலங்கிய கரையோர நீரில் வளரக்கூடியவை. பவளப்பாறை இல்லாத நம் கரைக்கும் இந்த மீனுக்கும் உள்ள நேரடி உறவு இதுதான் என்று நினைக்கிறேன். கடற்பசுவின் பெயரால் ஒரு கிளிமீன் குஞ்சும் தப்பிப் பிழைத்தால் மகிழ்ச்சி.

நாகப்பட்டினத்தில் விரலில் பட்ட மணலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கிளிமீன் அரைத்து விடும் சுண்ணாம்பு, கடலடியில் வெண்மணலாகப் படிகிறது. பசிபிக்கில் வாழும் முட்டுத்தலைக் கிளிமீன் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 5 டன் பாறைச் சுண்ணாம்பைத் தின்று வெளியேற்றும் என்று டேவிட் பெல்வுட் உள்ளிட்டோரின் ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றியுள்ள பாறைகளில் கிறிஸ் பெர்ரியின் குழு ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே ஆண்டுதோறும் சதுர மீட்டருக்கு 5.7 கிலோ என்ற அளவில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்களின் வேலை. மனிதர் வீடு கட்டி வாழும் தீவின் மண்ணை ஒரு மீன் கூட்டம் அரைத்துத் தந்திருக்கிறது. மேலணையும் கல்லணையும் தாண்டி வந்த வண்டல் தஞ்சைத் தரணியை உண்டாக்கியது நமக்குத் தெரியும். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்த வண்டலின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுவதும், கரை அரிக்கப்படுவதைக் கடலோர ஊர்கள் கண்ணால் பார்ப்பதும் தெரியும். மண் வருவது நின்றால் நிலம் என்னவாகும் என்று அறிந்த நாம், தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றியும் அதே கவலைப்பட வேண்டியவர்கள். பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த காலத்தில் அங்கே இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடி அருகே சுருங்கிக்கொண்டே வந்த வான் தீவைக் காக்கக் கடலில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். இப்போது பவளம் சட்டத்தின் காவலில் இருக்கிறது. ஆனால் 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் அது வெளிறிப்போனது. வெளிறி இறந்த கல்லில் பாசி முந்திக்கொள்ளாமல் மேய்ந்து, புதுப் பவளக் குஞ்சு ஒட்ட இடம் வைப்பதும் கிளிமீன்தான். கரீபியக் கடலில் 1983-84இல் கடல் முள்ளெலிகள் நோயில் மடிந்தன. கிளிமீன்களையும் அளவின்றிப் பிடித்திருந்த இடங்களில் மேய ஆளில்லாமல் பாசி பாறைகளை மூடியது. பெலிஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது. மீனைக் காத்தால் வெப்பம் குறைந்துவிடாது என்பது உண்மையே. ஆனாலும் வெப்பம் தணிந்த ஆண்டில் பாறை மீண்டெழ இந்த மேய்ச்சல் வேண்டும்.

துறையில் ஓர் அண்ணன் கிடைத்தார். கீழக்கரைப் பக்கம் பல ஆண்டுகள் கூடு (மீன் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் பொறி) வைத்து மீன் பிடித்தவர். இப்போது சொந்த ஊரில் நண்டு வலை விடுகிறார். நேற்று பாயிடம் பேசியதை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஆம்பளய எடுத்தா பொம்பள ஆம்பளயாயிரும்னா, எடுக்குறதுல என்ன குத்தம்?” என்றார். கேட்க வேண்டிய கேள்வி. ஒன்றை எடுத்தால் குற்றமில்லை, ஆனால் பெரியதை எடுக்க எடுக்க, சின்ன உடம்பிலேயே பெண் ஆணாக வேண்டி வருகிறது. முட்டையிட வேண்டிய காலம் அதற்குக் குறைந்துபோகிறது. மீனின் அளவும் தலைமுறைக்குத் தலைமுறை சிறுக்கிறது என்றேன். சின்ன மீன் கல்லின் மேற்பரப்பைச் சுரண்டும். பெரிய மீன் ஒரே கடியில் குழி பறிக்கும். மணலின் பெரும்பங்கு அந்தக் குழியிலிருந்தே வருகிறது.

அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு மணலில் விரலால் ஒரு கூட்டை வரைந்து காட்டினார். கண்ணியைப் பெரிதாக வை, குஞ்சு தப்பட்டும் என்றுதான் அதிகாரிகள் இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறார்கள். இந்த மீனுக்கு அது மட்டும் போதாது, சின்னது போய்விடும், பெரியது மாட்டிக்கொள்ளும் என்று அவரே சொன்னார். எனக்குத் தெரிந்த மீனவள நூல்கள் பல பக்கங்களில் சுற்றி வந்து சொல்வதை அவர் மணலில் ஒரு கோட்டில் சொல்லிவிட்டார். கூட்டின் வாயைச் சுருக்கினால் பெரிய கிளிமீன் உள்ளே வராதே என்று கேட்டேன்.

“வராது. ஆனா கலவாவும் வராதே தம்பி. கூடு வைக்கிறதே கலவாவுக்குத்தானே.”

கலவாவும் பெரும்பாலும் இதே கதைதான், பெண்ணாக வளர்ந்து பெரிதான பிறகு ஆணாகும் மீன் என்று சொன்னேன். அவர் வரைந்த கூட்டைப் பார்த்தபடியே, “அப்ப ரெண்டுக்கும் சேத்துத்தான் யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டு, எந்தெந்தக் கலவா எந்த அளவில் சினையோடு பிடிபடும் என்று தாம் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் குறிப்பேட்டை எடுத்தேன்.